ஏழு பெட்டைகளுக்கு எத்தனை ஆண்

என் தங்கை வளர்த்த வாத்துகளை மலையில் எல்லோரும் துரை வாத்து என்பார்கள். அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு வருவார்களே, அந்தச் சின்ன வாத்து இல்லை இது. கனத்த உடம்பும் நீண்ட கழுத்துமாக, புது ஆளைக் கண்டால் தலையைத் தாழ்த்திச் சீறிக்கொண்டு வரும் பெரிய வாத்து. மேல் எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் தம் நாட்டுக்குக் கப்பலேறியபோது, தமக்குக் குதிரையில் சுமை ஏற்றிக் கொடுத்துவந்த என் தங்கை புருஷனிடம் அவற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் அப்படி வந்தது.

தங்கை புருஷன் மலைக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. ஓடையை ஒட்டி மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம், தகரம் போட்ட இரண்டு அறை வீடு, ஏழு பெட்டை வாத்து, மூன்று ஆண் வாத்து. இவற்றோடு அவள் தனியாக இருந்தாள். முந்தலில் பஸ்ஸை விட்டு இறங்கி நல்ல ஏற்றம் ஏற வேண்டும். எனக்குப் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காயைத் தரம் பிரிக்கும் இடத்தில் மேற்பார்வை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவேன்.

முதல் வருஷத் திவசம் தங்கை புருஷனின் சொந்த ஊரான சிலமலையில் நடந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் மச்சான் பேச்சை எடுத்தார். இறந்தவனின் அண்ணனைத்தான் நானும் தங்கையும் மச்சான் என்போம். கிணற்றுப் பாசன விவசாயி. நல்ல உழைப்பாளி. சேவல் வளர்ப்பதில் அந்தப் பக்கத்து ஊர்களில் அவருக்குப் பெயர் உண்டு.

"ஆத்தா, ஒரு வருசம் ஒன் இஷ்டத்துக்கு விட்டாச்சு. தோட்டத்தக் குத்தகைக்கு விட்ருவோம். கெழக்கு அறைய ஒனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன், வந்துரு. ஆம்பளத் தொண இல்லாம ஒத்தப் பொம்பள மலைல எப்படி இருப்ப?"

"மூணு ஆம்பள இருக்காகளே மச்சான்" என்றாள் தங்கை.

"யாரு மூணு பேரு?"

"துரை வாத்துல. வீட்டுப் பக்கம் ஒருத்தன வர விட மாட்டாக."

பந்தியில் மிச்சம் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மச்சானுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பேச்சை விடவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தம்பி பெண்டாட்டியை மலையில் அநாதையாக விட்டுவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்களே என்பது அவருடைய உண்மையான கவலை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இலையில் வெளிறிய கோடு விழும் நோய் வந்து, தோட்டத்தில் பாதிச் செடியைப் பிடுங்கி எரித்தாயிற்று. புதிதாக நட்டது காய்க்கச் சில வருஷங்கள் ஆகும். அதுவரை எதை வைத்துச் சாப்பிடுவாள்?

அவளிடம் பதில் இருந்தது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் துரை வாத்தைக் காவலுக்கு விரும்பிக் கேட்டார்கள். அயலார் வந்தால் நாயைவிட அதிகமாகக் கத்தும். முற்றத்துப் புல்லையும் மேய்ந்துவிடும். குஞ்சு தேறினால் கொடுக்க இடம் தேட வேண்டியதில்லை.

"போன தடவ எத்தனடா தேறுச்சு?" என்று மச்சான் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் சொல்வதற்குள் அவளே, "ரெண்டு" என்றாள். "மிச்சமெல்லாம் கூமுட்ட."

மச்சான் கொஞ்ச நேரம் பல் குத்திக்கொண்டிருந்தார். "சரி. மாசிச் செவராத்திரி வரைக்கும் பாப்போம். ஸ்டோர்க்காரங்களுக்குக் குடுக்கிற மாதிரி ஒரு கூட்டம் குஞ்சு தேறட்டும், நீ அங்கேயே இரு, நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லாட்டி சட்டிபானையக் கட்டிக்கிட்டு வந்துரணும்."

"சரி மச்சான்" என்று அவள் உடனே சொன்னாள். நான்தான் மாசிக்கு எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணினேன்.

கூமுட்டை ஏன் விழுந்தது என்பதில் அவளுக்கும் எனக்கும் ஒரே சந்தேகம்தான். ஆண் அதிகம். அவள் புருஷன் இருந்தவரை ஆண் இரண்டு. மூன்றாவது, கூட்டத்திலேயே பொரித்து வளர்ந்தது. அது பெரிதான பருவத்தில்தான் முட்டைகள் வீணாயின. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஓர் உயிரைக் கழித்துவிட முடியாது. ஆகவே அடுத்து வந்த ஞாயிறுகளில் ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து, எது எதோடு போகிறது என்று பார்த்து டைரியில் குறித்தேன். அவள் வாரநாட்களில் பார்த்ததைச் சொல்வாள். இரண்டையும் ஒத்துப் பார்ப்போம்.

கோழிக்கூட்டம் மாதிரி இல்லை அது. கோழியில் ஒரு சேவல் முற்றம் முழுவதற்கும் பொது. இவை தனித்தனிக் குடும்பமாக மேய்ந்தன. மூத்த ஆண் வெள்ளை, ஒரு கண் போனது. அதன் பின்னால் நான்கு பெட்டைகள். இரண்டாவது ஆணின் முதுகு சாம்பல் நிறம். அதற்கு இரண்டு பெட்டைகள். அந்த மூன்றும் கழுத்து எட்டும் தூரத்தை விட்டு விலகியதை நான் பார்த்ததில்லை. ஒரு பெட்டை யாரோடும் சேராமல் ஓரமாகத் திரியும். இளைய ஆணுக்கு யாரும் இல்லை. இந்த வாத்துகள் இணைவது தண்ணீரில். ஒற்றைக்கண்ணன் தன் பெட்டையோடு ஓடை மடுவில் இறங்கினால் போதும், இளையது இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிவந்து நடுவில் விழும். இரண்டும் பிரிந்து ஆளுக்கொரு கரையில் ஏறும். இளையதின் சேட்டை அத்துடன் முடியும். அதற்கு வேறு எதுவும் வேண்டியதாகத் தெரியவில்லை.

தரம் பிரிக்கிற வேலையில் இருப்பவனுக்கு ஒரு புத்தி உண்டு. எந்தக் குவியலைக் கண்டாலும் இதற்கு எந்தச் சல்லடை என்று தேடுவான். எனக்கு ஓர் எண் வேண்டும். ஏழு பெட்டைக்கு ஓர் ஆண் போதாது. அதுவும் வயதான ஒற்றைக்கண்ணனை மட்டும் நம்ப முடியாது. மூன்று அதிகம் என்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று. இரண்டு என்று முடிவு செய்தோம். முட்டை வைக்கத் தொடங்குவதற்கு முன்பே கழித்துவிட வேண்டும். அப்போதுதான் மிச்சமுள்ளவை சண்டை அடங்கி ஒரு நிலைக்கு வரும். தீபாவளிக்கு மச்சான் மேலே வருவதாகச் சொல்லியிருந்தார். இளையதைப் பிடித்து அவரிடமே கொடுத்துவிடலாம் என்றாள்.

மச்சான் ஒரு பெரிய கூடையோடு வந்தார். வந்தவுடன், "எதுக்கு ரெண்டு?" என்று ஆரம்பித்தார். "எங்க வீட்டுல பதினஞ்சு பொட்டைக்கு ஒரு சேவதான். ஒரு முட்ட கெட்டதில்ல."

"அது கோழி மச்சான்."

"றெக்க இருக்குல்ல? முட்ட வைக்குதுல்ல?"

"றெக்க இருக்கிறதெல்லாம் கோழியா? அப்ப காக்காயயும் சேத்து அடைங்க."

"மாப்ளே, ஒன் தங்கச்சி வாயப் பாத்தியா?" என்று என்னிடம் முறையிட்டார். நான் டைரியைப் பிரித்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்காமலே, "எழுதி வச்சிட்டா வாத்து கேக்குமாய்யா?" என்றார். இருந்தாலும் இரண்டுக்கு ஒப்புக்கொண்டார். மடுப்பக்கம் போனார். இளையதைக் காட்டினோம். சேவலைப் பார்க்கிற மாதிரி அதைக் கக்கத்தில் இடுக்கி, இறக்கையை விரித்து, அலகைத் திறந்து, காலைப் பிடித்துப் பார்த்தார். ஒரு விரலில் நகம் இல்லை. நண்டு கடித்ததோ, பாறையில் சிக்கியதோ தெரியாது. கீழே விட்டுவிட்டார்.

"ஊனம்."

"கறிக்கு நகம் எதுக்கு மச்சான்?"

"கறிக்கா? சாமிக்குல்ல ஆத்தா."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கோடையில் அவர் கிணற்றில் ஊற்று அற்றுப்போனபோது, தண்ணீர் சுரந்தால் மாசிச் சிவராத்திரியில் குலசாமிக்கு ஒரு சேவல் தருவதாக வேண்டியிருந்தார். தண்ணீர் சுரந்துவிட்டது. வழக்கமான சேவலுக்குப் பதில், சாமியே பார்த்திராத பெரிய சேவலாகக் கொடுத்து ஊரை வாய் பிளக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நேர்ந்துவிடும் உயிருக்கு ஊனம் இருக்கக் கூடாது. நகம் போனது ஆகாது. கண் போனது ஆகவே ஆகாது. குறையே இல்லாமல் நின்றது சாம்பல் முதுகுக்காரன் ஒன்றுதான். மடியிலிருந்து மஞ்சள் நனைத்த நூலை எடுத்து அதன் காலில் கட்டினார்.

தங்கை என்னைப் பார்த்தாள். சாமிக்கு என்று நூல் கட்டியதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பங்களில் இல்லை. தவிர, நாங்கள் கேட்டது இரண்டு. இரண்டு மிச்சம் இருக்கத்தான் செய்தது. மச்சான் கூடையை மூடிச் சாக்கால் கட்டிக்கொண்டு இறங்கினார். உள்ளே இருந்து அது எழுப்பிய சத்தம் வெகுதூரம் வரை கேட்டது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அதன் பெட்டைகள் இரண்டும் மடுவில் இல்லை. கீழே இறங்கும் தடத்தில், கூடை போன திசையைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. புல்லைக் கொத்தவில்லை. இளைய ஆண் பக்கத்தில் போனால் இரண்டும் சேர்ந்து அதன் இறக்கையைப் பிடித்துக் கடித்தன. அதைவிட மோசம் மடுவில் நடந்தது. இளையதை இதுவரை அடக்கி வைத்திருந்தது சாம்பல்தான் என்பது அது போன பிறகே எங்களுக்குப் புரிந்தது. இப்போது இளையது ஒற்றைக்கண்ணனின் குருட்டுப் பக்கமாக வந்து வந்து தாக்கியது. கிழவனின் கழுத்தில் ரத்தம். நான்கு பெட்டைகளும் சிதறித் திரிந்தன. கார்த்திகை பிறந்துவிட்டது. இந்த நிலையில் முட்டை வந்தால் எல்லாம் கூமுட்டைதான். மாசியில் அவள் சட்டிபானையைக் கட்ட வேண்டியதுதான்.

"நாம சொன்ன கணக்குத்தானே" என்றேன். என்னை நானே கேட்டுக்கொண்ட மாதிரி.

"கணக்கு சரியாத்தான் இருக்கு அண்ணே. அதுகளுக்கு அவன்தான் வேணும்னு நிக்குதுகளே, அதுக்கு என்ன செய்ய?"

தடத்தில் நின்ற அந்த இரண்டையும் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவள் எழுந்து சேலையை உதறி, "நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லு. சிலமலைக்குப் போவோம்" என்றாள்.

சிலமலையில் வீட்டு வாசலுக்கு முன்பே எங்களுக்குச் சத்தம் கேட்டது. சாம்பல் முற்றத்தின் நடுவில் நின்று ஆட்சி செய்துகொண்டிருந்தது. மச்சானின் மனைவி கதவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார்.

"வாடி வா. ஓரமா வா. நேத்துப் பால்காரர வேட்டியப் பிடிச்சு இழுத்து விட்ருச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியல. சாமிக்கு நேந்ததாம், அடிக்கவும் கூடாதாம், அடைக்கவும் கூடாதாம். மாசி வரைக்கும் நாங்கதான் வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கணும் போல."

மச்சான் கொல்லையிலிருந்து வந்தார். தங்கை நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். பெட்டைகள் நிற்கும் நிலை, கிழவன் படும் அடி, ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நேந்ததத் திருப்பிக் கேக்குறியா?" அவர் குரல் மாறிவிட்டது.

"திருப்பிக் கேக்கல மச்சான். அது சாமி சொத்துதான். சாமி சொத்து எங்க வேணாலும் மேயலாம், யாரும் கட்டக் கூடாதுன்னு நீங்கதான் சொல்வீக. போன வருசம் நீங்க நேந்து விட்ட கெடா ராசிங்காபுரம் வரைக்கும் போயி ஊரான் வெள்ளாமையத் தின்னுச்சு. யாராவது வாயத் தொறந்தாகளா? இது எங்க ஓடைல மேயட்டும். மாசிச் செவராத்திரிக்கு நானே கொண்டாறேன்."

உள்ளே இருந்து மச்சானின் மனைவி, "சொல்லுங்களேன், நேந்து விட்ட உசுர முத்தத்துல பிடிச்சு வச்சிருக்கீகளே, சாமிக்குப் பொறுக்குமா?" என்றார்.

"ரெண்டு பேரும் பேசி வச்சிட்டீகளா?"

"பேச எங்க விட்டுச்சு இது? வெரசா தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

மச்சான் என் தோளைத் தட்டினார். "மாப்ளே, ஒன் தங்கச்சிய வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்யா." கூடையை அவரே எடுத்துவந்தார். பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். முழங்கைக்குக் கீழே நல்ல கடி வாங்கினார்.

முந்தல் பஸ்ஸில் கண்டக்டர் கூடையைப் பார்த்து, "இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார். "சாமிக்கு லக்கேஜா?" என்று தங்கை நூல் கட்டின காலைக் காட்டினாள். அவர் எங்கள் டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

ஓடைக்குக் கீழே இருக்கும் கடைசித் திருப்பத்திலேயே அது கூடைக்குள் குரல் கொடுத்தது. மேலிருந்து பதில் வந்தது. இரண்டு பெட்டைகளும் இறக்கையை விரித்துக்கொண்டு தடத்தில் ஓடிவந்ததையும், மூன்றும் கழுத்தைத் தரையோடு நீட்டி ஒரே குரலில் கத்தியதையும் நான் அன்று டைரியில் எழுத முயன்று விட்டுவிட்டேன். இளையதை அடுத்த நாளே மேல் எஸ்டேட் ஸ்டோருக்குத் தனிக் காவலாளாகக் கொடுத்தாள். எங்களிடம் இருந்த ஆண்கள் மறுபடியும் இரண்டு. முன்பும் இரண்டு, இப்போதும் இரண்டு.

பின்னாளில் துரை வாத்து வாங்கிப் போனவர்கள் பலர் எத்தனை ஆண் வைக்கலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்று நான்கு பெட்டைக்கு ஒன்று என்று சொல்வேன். சொல்லிவிட்டு, ஒரு மாதம் எதையும் கழிக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். இரண்டாவதைக் கேட்டுக்கொண்டவர்கள் குறைவு. எண் கிடைத்த திருப்தியில் போய்விடுவார்கள். நானும் அப்படிப் போகிற ஆள்தான், எனக்கு அவர்கள் மேல் வருத்தமில்லை.

மார்கழியில் முட்டைகள் வந்தன. அடை வைத்துக் கொஞ்ச நாள் கழிந்ததும் அறைக் கதவைச் சாத்தி, ஓட்டை போட்ட தகர டப்பாவுக்குள் விளக்கை வைத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தங்கை முட்டையைப் பிடிப்பாள், நான் பார்ப்பேன். முதல் முட்டையில் கரு பிடித்ததற்கு அடையாளமாகச் சிவப்பு நூல் போல நரம்பு ஓடியிருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. ஒற்றைக்கண்ணன் குடும்பத்தில் சில வெறுமையாகத் தெரிந்தன. யாரோடும் சேராத பெட்டையின் முட்டைகள் எல்லாமே வெறுமை. சாம்பலின் பெட்டைகள் இரண்டும் வைத்தவற்றில் ஒன்றுகூடக் கெடவில்லை. தங்கை எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் எனக்குக் காப்பி போட்டாள். பாத்திரங்களை வழக்கத்துக்கு மேல் சத்தம் வர எடுத்து வைத்தாள்.

சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு மச்சான் மேலே வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். மஞ்சள் படர்ந்த குஞ்சுகள் மடுவின் ஓரத்தில் புல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. யார் யாருக்கு எத்தனை என்று ஸ்டோர்க்காரர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். மச்சானைக் கண்டதும் சாம்பல் குஞ்சுகளுக்கு முன்னால் வந்து நின்று சீறியது. அவர் தள்ளியே பாறையில் உட்கார்ந்தார். எண்ண ஆரம்பித்து, அவை ஓடி ஓடி இடம் மாறியதால் பாதியில் விட்டுவிட்டார். தங்கை கொடுத்த மோரைக் குடித்தார்.

"அந்தக் கெழக்கு அறைல நெல்லக் கொட்டிக்கிறேன்" என்றார் டம்ளரைக் கீழே வைத்து.

"கொட்டிக்கோங்க மச்சான்" என்றாள் தங்கை.

அவ்வளவுதான் அதைப் பற்றி நடந்த பேச்சு. பிறகு எல்லோரும் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான்தான் பொறுக்காமல், "வேற நல்ல சேவலா ரெண்டு வாங்கிக் குடுத்துட்டா ஆகாதா மச்சான்?" என்று கேட்டேன்.

அவருக்கும் அது மனதில் ஓடியிருக்க வேண்டும். "நேந்தது நேந்ததுதான் மாப்ளே" என்று இழுத்தார். "வேணுமின்னா கோடாங்கிட்ட ஒரு வார்த்த குறி கேட்டுப் பாப்போம்…"

"வேண்டாம்" என்றாள் தங்கை. "சாமி பேரச் சொல்லித்தான் இத மேல கொண்டாந்தேன். அந்தப் பேருலதான் இந்தக் குஞ்செல்லாம் வந்துச்சு. இப்ப இல்லன்னு சொன்னா நான் அன்னைக்குச் சொன்னது வெறும் வாய்ச்சாலகம்னு ஆயிரும். நானே கொண்டாறேன்னு சொன்னேன், கொண்டாறேன்."

அவள் சொன்னபடியே செய்தாள். சிவராத்திரி கழிந்த காலையில் ஒரு துணியால் அதன் கண்ணை மறைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். கூடை வேண்டாம் என்றுவிட்டாள். வழியெல்லாம் அது சத்தம் போடவில்லை. கோயிலில் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. மச்சான் ஆசைப்பட்டபடி ஊர் வாய் பிளக்கத்தான் செய்தது. அவர் முகத்தில்தான் அந்தப் பெருமையைக் காணோம். மஞ்சள் நூலை அவிழ்க்கும்வரை தங்கை பக்கத்தில் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "கெளம்புவோம் அண்ணே" என்றாள்.

மச்சானின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிடாமப் போறதாவது. சாமி சோறுடி. ராத்தங்கிட்டுக் காலைல போ."

"குஞ்சுகள வெளிச்சம் இருக்கையிலேயே அடைக்கணும் அக்கா. மரநாய் வரும். காவலுக்கு இப்ப ஒருத்தன்தான். அவனுக்கும் ஒரு கண்ணுதான்."

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கறி சேர்க்காமல் வெறும் சோற்றையும் தயிரையும் தனியாகத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தார். ரோட்டுக்கு வந்தபோது போடி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நாங்கள் ஓடி எட்டக்கூடிய தூரம் இல்லை. எங்களுக்குப் பின்னால் மச்சானின் குரல் கேட்டது. பூசை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவரே ஓடிவந்தார்.

"ஏப்பா, நிறுத்து, நிறுத்து! மலைக்குப் போற ஆளு இருக்கு!"

பஸ் நின்றது.